ஞாயித்துக்கிழமை கலை, திங்கக்கிழமை கூலியா?

இங்க டொராண்டோவுல நம்ம ஆளுங்க நடத்துன கைவினைப் பட்டறைக்குத் தங்கமணி என்னை இழுத்துட்டுப் போனாங்க. பொங்கலுக்குக் கையாலயே வாழ்த்து அட்டை செய்யுறது எப்படின்னு வகுப்பு. ஆளுக்கொரு ரப்பர் உருளை கொடுத்தாங்க. பேரு பிரேயர். பல நிற மைப்பட்டையில அதை உருட்டி, பளபளப்பான அட்டை மேல ஓட்டினா மஞ்சள்ல தொடங்கி சிவப்புல முடியுற பின்னணி வருது. உருளையில ரெண்டு ரப்பர் பேண்ட் மாட்டினா வரிவரியா கோடு. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

கடுப்பானது அதுக்கப்புறம்தான். பக்கத்துல இருந்தவர் தன் அட்டையைத் தூக்கிப் பிடிச்சு, "தியானம் மாதிரி இருக்கு சார். நம்ம ஊர்ல இதெல்லாம் எவனுக்குத் தெரியும்?"னார். அடுத்த ரெண்டு நிமிஷத்துல தங்கச்சி கல்யாணப் பத்திரிகைப் பேச்சு வந்துச்சு. ஊர்ல அச்சடிக்கிறவர் ஐநூறு ரூபா கூடக் கேட்டாராம். "மை தடவுறதுக்கு இவ்வளவா?"ன்னு சிரிச்சார்.

எவனுக்குத் தெரியுமா? எங்கப்பாவுக்குத் தெரியும்.

எங்க ஊரு கல்லாறு. திருவனந்தபுரத்துல இருந்து பொன்முடிக்குப் போறவங்க, கொண்டை ஊசி வளைவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வண்டிய நிறுத்தி ஆத்துல உருண்டைக் கல்லைப் பாத்துட்டுப் போற இடம். தாத்தா தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்க வந்த தமிழர். அப்பா தினமும் பஸ் ஏறி நெடுமங்காட்டுல ஒரு பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போனார். டிரெடில் மிஷின், காலால மிதிக்கணும். மேல வட்டமா ஒரு மைத்தட்டு. ஒவ்வொரு மிதிக்கும் ரோலருங்க தட்டுல ஏறி மை எடுத்து, எழுத்து மேல இறங்கித் தடவும். தட்டு கொஞ்சம் கொஞ்சமா சுத்தி மையைச் சமப்படுத்தும்.

கல்யாண சீசன்ல யாராவது பகட்டா வேணும்னு கேட்டா, அப்பா அந்தத் தட்டைச் சுத்த வைக்கிற கொக்கியைக் கழட்டி விட்டுருவார். ஒரு ஓரம் மஞ்சள் மை, மறு ஓரம் சிவப்பு. ரோலர் ஓட ஓட நடுவுல ரெண்டும் கலந்து ஆரஞ்சு ஆகும். பட்டறையில காசு கட்டி நான் கத்துக்கிட்ட அதே பின்னணி!

வரலாறும் கொஞ்சம் பாருங்க. தமிழ் எழுத்துல 'தம்பிரான் வணக்கம்' அச்சானது 1578ல, எங்க பக்கத்து மாவட்டம் கொல்லத்துல. அந்தக் காலத்துல உருளை கிடையாது. தோல் உருண்டைக்குள்ள கம்பளியோ முடியோ திணிச்சு, அதால மையை ஒத்துவாங்க. 19ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துலதான் ரோலர் வந்துச்சு. வஜ்ஜிரமும் பாகும் காய்ச்சி வார்த்த ரோலர் அது. வெயில்ல இளகும், மழைக்காலத்துல ஈரம் குடிச்சு ஊதும். பிரேயர்ங்கிற பேரே, அச்சாபீஸ்ல மையைத் தேய்ச்சுக் குழைக்க வச்சிருந்த குழவி மாதிரியான மரக்கருவியோட பேருதான். ஆக, இது பொழுதுபோக்குக்காகப் பிறந்த சாமான் இல்லை மக்களே, தொழிலாளியோட கைச்சாமான்.

"அது தொழில், இது கலை, ரெண்டும் வேற"ன்னு பின்னூட்டத்துல வர்றவங்களுக்கு ஒரு கேள்வி. எங்க வேறயாகுது? மை மெலிசா பரவியிருக்கணும். உருட்டும்போது 'சர்ர்'னு ஒரு சன்னமான சத்தம் வரணும். சளசளன்னு ஒட்டிச்சுன்னா மை கூடிப்போச்சு. இதைக் காதால கண்டுபிடிக்கிறதுதான் வித்தை. பட்டறைக்கும் பிரஸ்ஸுக்கும் இது பொது. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. காசு கொடுத்து உருட்டினா கலைஞன், காசு வாங்கி உருட்டினா மை தடவுறவன். இந்தக் கணக்கைத்தான் நான் எதிர்க்கிறேன்.

யோக்கியன் மாதிரி பேசுறேன்னு நினைக்காதீங்க. காலேஜ்ல சேர்ந்தப்போ, "அப்பா பிரிண்டிங் கம்பெனி மேனேஜர்"னு சொன்னவன்தான் நான். ராத்திரி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் நகக்கண்ணுல போகாத கறுப்பைப் பாத்து வெக்கப்பட்டவன். ஒரு தடவை ஹாஸ்டலுக்கு வந்தவர், என் கூட்டாளிங்க முன்னாடி கையை வேட்டி மடிப்புக்குள்ள வச்சுக்கிட்டே நின்னார். நான் சொன்ன பொய் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கடைசி வரைக்கும் அதைப்பத்தி ஒரு வார்த்தை கேக்கலை.

அதனால பிரேயரைத் தூக்கிப் போடச் சொல்லலை. நல்லா உருட்டுங்க. புள்ளைங்களுக்கும் சொல்லிக்கொடுங்க. ஆனா இது எந்தத் தொழில்ல இருந்து வந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க. ஊருக்குப் போகும்போது, கையால வேலை செய்யுறவர்கிட்ட அந்த ஐநூறுக்குப் பேரம் பேசாதீங்க.

பட்டறை முடிஞ்சு வீட்டுக்கு வந்து பாத்தா என் நகக்கண்ணுலயும் கறுப்பு. மறுநாள் ஆபீஸ் மீட்டிங்குக்கு அதைக் கழுவாமத்தான் போனேன். "என்ன ஆச்சு?"ன்னு மேனேஜர் கேட்டார்.

"எங்கப்பா பார்த்த வேலை"ன்னேன்.