கடன் வாங்கிய குரலில் ஐந்து வெற்றி!

பிள்ளைகளே, ஒரு கேள்வியோடு தொடங்கலாமா?

பள்ளிகளுக்கு இடையே கபடிப் போட்டி நடக்கிறது. உங்கள் பள்ளி, வெளியூரிலிருந்து ஏழு கைதேர்ந்த ஆட்டக்காரர்களை வரவழைத்து, பள்ளியின் பனியனை மாட்டிவிட்டு, களத்தில் இறக்குகிறது. கோப்பையும் கிடைத்து விடுகிறது. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லாரும் கை தட்டுகிறீர்கள். அந்தக் கோப்பை யாருடையது?

'எங்கள் பள்ளியுடையதுதான்' என்று சிலர் சொல்வீர்கள். 'இல்லவே இல்லை' என்று சிலர் சொல்வீர்கள். அவசரப்பட வேண்டாம். இதே கேள்வி ஒரு நாட்டுக்கே வந்திருக்கிறது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு பதில் சொல்லுங்கள்.

எங்கே இருக்கிறது லக்சம்பர்க்?

ஐரோப்பா வரைபடத்தை எடுங்கள். பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளுக்கும் நடுவில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதுதான் லக்சம்பர்க். பரப்பளவு 2,586 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை இன்னும் 7 லட்சத்தைத் தொடவில்லை. 1960ல் சுமார் 3 லட்சம் பேர்தான் இருந்தார்கள். நாடு சிறியது என்றாலும் ஏழை நாடு அல்ல. ஒரு காலத்தில் இரும்பு, எஃகு ஆலைகளால் வளர்ந்தது. பிறகு வங்கித் தொழிலால் செழித்தது. ஆர்செலர் மிட்டல் என்ற மாபெரும் எஃகு நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது.

பிரெஞ்சு, ஜெர்மன், லக்சம்பர்கிஷ் ஆகிய மூன்று மொழிகளும் அங்கே புழக்கத்தில் உள்ளன. இவற்றில் லக்சம்பர்கிஷ்தான் அந்த மண்ணின் மொழி. ஆனால், 1984ல்தான் அது சட்டப்படி தேசிய மொழி ஆனது.

இனி பாட்டுப் போட்டிக்கு வருவோம். 'யூரோவிஷன்' என்று ஒரு போட்டி உண்டு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1956 முதல் இதை நடத்துகிறது. ஒவ்வொரு நாட்டு ஒலிபரப்பு நிலையமும் ஒரு புதுப் பாட்டை அனுப்பும். பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லா நாடுகளும் ஒன்றுக்கொன்று மதிப்பெண் போடும். தன் நாட்டுப் பாட்டுக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது.

இன்னொரு விதியையும் கவனியுங்கள். 8 கோடிக்கு மேல் மக்கள் உள்ள ஜெர்மனியும், 7 லட்சம்கூட இல்லாத லக்சம்பர்க்கும் ஒரே அளவு மதிப்பெண்தான் போட முடியும். உலகில் வேறு பல மேடைகளில் சின்ன நாட்டின் பேச்சு எடுபடாது. இந்த மேடையில் பெரியவனும் சிறியவனும் சமம்.

பெரிய நாடுகளுக்குச் சமமாக

லக்சம்பர்க் இந்தப் போட்டியில் ஐந்து முறை முதலிடம் பெற்றுள்ளது. 1961, 1965, 1972, 1973, 1983 ஆகிய ஆண்டுகள் அவை. 2025 வரை உள்ள கணக்கைப் பார்த்தால், பிரான்சும் பிரிட்டனும் ஐந்து முறைதான் வென்றுள்ளன. ஜெர்மனி இரண்டே முறை.

ஒரு சின்ன நாட்டுக்கு இது எவ்வளவு பெருமை! ஆனால், வென்ற ஐந்து பாடகர்களின் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள்.

1961ல் வென்ற ழான் கிளோத் பாஸ்கல், பிரான்ஸ் நாட்டுக்காரர். 1965ல் வென்ற பிரான்ஸ் கால் பாரீசில் பிறந்தவர்; பெயரிலேயே பிரான்ஸ் இருக்கிறது! அப்போது அவருக்கு 17 வயதுதான். 1972ல் வென்ற விக்கி லியாண்ட்ரோஸ் கிரேக்க நாட்டில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர். 1973ல் வென்ற ஆன் மாரி டேவிட்டும், 1983ல் வென்ற கோரின் எர்மெசும் பிரான்ஸ் நாட்டவர்கள். ஐந்து பேரில் ஒருவர்கூட லக்சம்பர்க்காரர் இல்லை.

வெற்றி பெறாத ஆண்டுகளிலும் இப்படித்தான். 1963ல் பாடிய நானா மூஸ்கூரி கிரேக்கப் பாடகி. 1978ல் பாடிய 'பாக்கரா' ஸ்பெயின் நாட்டு இரட்டையர். 1988ல் நான்காம் இடம் பிடித்த லாரா ஃபேபியன் பெல்ஜியத்தில் பிறந்தவர்.

இது ஏமாற்று வேலையா? இல்லை. பாடகர் அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று போட்டியில் விதியே கிடையாது. 1971ல் மொனாக்கோ என்ற குட்டி நாடும் பிரான்ஸ் பாடகியை வைத்தே வென்றது. 1988ல் சுவிட்சர்லாந்துக்காகப் பாடி வென்ற செலின் டியோன், கனடா நாட்டவர்.

ஏன் இப்படிச் செய்தார்கள்?

ஒரு செய்தியைப் படித்தால் 'ஏன்?' என்று கேட்கப் பழக வேண்டும். இங்கே எனக்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதல் காரணம், 1960ல் நடந்தது. அந்த ஆண்டு காமில்லோ ஃபெல்கன் என்ற லக்சம்பர்க் பாடகர், லக்சம்பர்கிஷ் மொழியில் பாடினார். அந்த மொழிப் பாட்டு யூரோவிஷன் மேடையில் ஒலித்தது அதுவே முதல் முறை. கிடைத்தது ஒரே ஒரு மதிப்பெண். 13 நாடுகளில் கடைசி இடம். அடுத்த ஆண்டு பிரான்ஸ் பாடகரை அனுப்பினார்கள், முதல் இடம்! கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஒரே ஆண்டில் தாவியவர்கள், வந்த வழியை விடுவார்களா?

ஆனால், கதையில் ஒரு திருப்பம் உண்டு. 1962ல் அதே ஃபெல்கன் மறுபடியும் பாடினார். இந்த முறை பிரெஞ்சு மொழியில்! மூன்றாம் இடம் கிடைத்தது. ஆக, 1960ல் தோற்றதற்குப் பாடகரின் திறமைக் குறைவை மட்டும் காரணம் சொல்ல முடியாது. லக்சம்பர்க்கைத் தாண்டினால் அந்த மொழி புரிகிறவர்கள் மிகக் குறைவு. பிரெஞ்சோ, அந்நாளில் ஐரோப்பா முழுவதும் மதிப்புப் பெற்ற மொழி. பெரிய மொழியில் பாடினால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். சின்ன மொழியில் பாடினால் தாண்டிப் போகிறார்கள். இந்த வருத்தம் லக்சம்பர்க்குக்கு மட்டும் உரியது அல்ல.

இரண்டாவது காரணம், வணிகம். போட்டிக்குப் பாட்டை அனுப்புவது அரசு அல்ல, ஒலிபரப்பு நிலையம். பல நாடுகளில் அது பொதுத்துறை நிலையம். லக்சம்பர்க்கில் அது தனியார் நிறுவனம். அங்கே 1933ல் தொடங்கிய ரேடியோ லக்சம்பர்க், எல்லை தாண்டிப் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் விளம்பரங்களோடு பாட்டு ஒலிபரப்பியது. நேயர்கள் வெளிநாட்டில்; விளம்பர வருமானமும் வெளிநாட்டில். அப்படிப்பட்ட நிறுவனம் பாரீஸ் நகரத்துப் பிரபல பாடகர்களை நாடியதில் வியப்பு என்ன?

மூன்றாவது காரணம், ஆள் எண்ணிக்கை. 3 லட்சம் பேர் உள்ள நாட்டில், ஆண்டுதோறும் புதிதாக ஒரு நல்ல பாடகரைத் தேடுவது எளிதல்ல. பாடகர் மட்டும் போதுமா? பாட்டு எழுதுபவர், இசை அமைப்பவர், ஒலிப்பதிவுக் கூடம் எல்லாம் வேண்டுமே!

வெற்றிக்கும் விலை உண்டு

யூரோவிஷனில் வென்ற நாடு, அடுத்த ஆண்டு போட்டியைத் தன் ஊரில் நடத்துவது வழக்கம். 1972ல் வென்ற லக்சம்பர்க் 1973ல் போட்டியை நடத்தியது. அந்த ஆண்டும் அதுவே வென்றது! அடுத்தடுத்து இரண்டு முறை நடத்துவது பெரிய செலவு. 'எங்களால் முடியாது' என்று சொல்லிவிட்டார்கள். அதனால் 1974ல் போட்டி பிரிட்டனில் உள்ள பிரைட்டன் நகரில் நடந்தது. அங்கே ஸ்வீடன் சார்பில் பாடி வென்ற 'ஆபா' குழு, பிறகு உலகப் புகழ் பெற்றது.

1983க்குப் பிறகு லக்சம்பர்க் வெல்லவில்லை. 1992ல் லக்சம்பர்கிஷ் மொழியில் பாடி 21ம் இடம். 1993ல் அந்த மொழியும் பிரெஞ்சும் கலந்து பாடி 20ம் இடம். அந்தச் சமயத்தில் கிழக்கு ஐரோப்பாவில் பல நாடுகள் புதிதாகப் போட்டிக்கு வந்தன. எல்லாருக்கும் மேடையில் இடம் இல்லை. எனவே, 1993ல் பின்தங்கிய நாடுகள் 1994ல் ஒதுங்கி இருக்க வேண்டும் என்று விதி வந்தது. லக்சம்பர்க்கும் ஒதுங்கியது.

ஓர் ஆண்டு ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. அந்த நிறுவனம் 1984லேயே ஜெர்மனிக்கு என்று தனி டி.வி. சேனல் தொடங்கியிருந்தது. பெரிய நாட்டில் சொந்தக் கடை திறந்த பிறகு, இந்த மேடையின் தேவை அதற்குக் குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பாடகர்கள் வந்தார்கள், வென்றார்கள், தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களோடு அவர்களுடைய அனுபவமும் போய்விட்டது. உள்ளூரில் அடுத்த தலைமுறைப் பாடகர்கள் போதுமான அளவு உருவாகவில்லை. ஐந்து கோப்பைகள் இருந்தும் 31 ஆண்டுகள் நாடு அந்த மேடையில் இல்லை.

மறுபடியும் மேடையில்

2023 மே மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. லக்சம்பர்க் திரும்பி வருகிறது! அரசும் ஆதரவாக நின்றது. 2025ல் மட்டும் 16 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த போட்டி இது. நாட்டின் பெயரை மூன்று நிமிடம் இத்தனை பேருக்குச் சொல்ல, சின்ன நாட்டுக்கு வேறு வழி ஏது?

இந்த முறை வழியை மாற்றினார்கள். உள்நாட்டிலேயே தேர்வுப் போட்டி வைத்தார்கள். 2024 ஜனவரியில், பழைய எஃகு ஆலைப் பகுதியில் கட்டப்பட்ட 'ராக்ஹால்' அரங்கில் எட்டுப் பேர் பாடினார்கள். டாலி என்ற இளம் பாடகி வென்றார். அந்த மே மாதம் ஸ்வீடனில் நடந்த இறுதிப் போட்டியில் 13ம் இடம் பிடித்தார்.

டாலி பிறந்தது ஜெருசலேமில். பள்ளிப் பருவத்தில்தான் லக்சம்பர்க் வந்தார். 'அப்படியானால் இவரும் வெளிநாட்டவர்தானே, சார்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். லக்சம்பர்க்கில் இன்று வசிப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். போர்ச்சுக்கல் நாட்டினர் அவர்களில் மிக அதிகம். அவர்களுடைய பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள், அங்கேயே விளையாடுகிறார்கள். டாலியும் அப்படி வளர்ந்த பெண்தான். அந்த நாடு இன்று எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் அதன் பாடகியும் இருக்கிறார். போட்டிக்காக மட்டும் வந்து போகிறவருக்கும், அந்த ஊரில் வளர்ந்தவருக்கும் வேறுபாடு இருக்கிறது அல்லவா? பிறந்த இடத்தை மட்டும் பார்த்தால் இது புரியாது.

2025ல் லாரா தோர்ன் பாடினார். 22ம் இடம்தான். ஆனால், அவர் பாடிய பாட்டில் ஓர் அழகு உண்டு. 1965ல் பிரான்ஸ் கால் பாடி வென்றது ஒரு பொம்மையைப் பற்றிய பாட்டு. சரியாக 60 ஆண்டுகள் கழித்து, அந்தப் பொம்மையை நினைவுபடுத்தும் பாட்டோடு லாரா வந்தார். பழைய வெற்றியை அந்த நாடு வெட்கப்பட்டு மறைக்கவில்லை. தன் கதையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது.

எது சரி?

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நாட்டையும் சொல்கிறேன். மால்டா என்ற தீவு நாடு; லக்சம்பர்க்கைவிடச் சிறியது. 1971ல் போட்டிக்கு வந்தது. பெரும்பாலும் சொந்த ஊர்ப் பாடகர்களையே அனுப்புகிறது. 2002லும் 2005லும் இரண்டாம் இடம் வரை வந்தது. 2025 வரை ஒரு முறைகூட முதலிடம் கிடைக்கவில்லை. ஆனாலும் இப்போதும் வருகிறது. அங்கே ஒரு குழந்தை டி.வி. பார்க்கும்போது, 'நம் தெரு அக்கா பாடுகிறார். நாளை நானும் பாடலாம்' என்று நினைக்க முடியும்.

லக்சம்பர்க்கின் ஐந்து வெற்றிகள் பொய் அல்ல. விதிப்படி கிடைத்தவை. நல்ல பாடல்கள் உலகுக்குக் கிடைத்தன. அதே நேரத்தில், அந்த 13ம் இடத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. அது பின்னால் வரும் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. ஒரு வெற்றியை எடை போடும்போது, 'எத்தனையாவது இடம்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அதனால் உள்ளூரில் யார் வளர்ந்தார்கள்?' என்றும் கேளுங்கள். ஒலிம்பிக், கால்பந்து என்று எந்தச் செய்தி வந்தாலும் இந்த இரண்டாவது கேள்வி பயன்படும்.

உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் அட்லஸ் இருந்தால் லக்சம்பர்க்கையும் மால்டாவையும் கண்டுபிடித்துப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஐந்து முறை வென்ற லக்சம்பர்க், ஒரு முறையும் வெல்லாத மால்டா – இரண்டில் எந்த நாட்டில் பாடகராகப் பிறக்க ஆசைப்படுவீர்கள்? ஏன்? பத்து வரியில் எழுதி, உங்கள் தமிழ் ஆசிரியரிடம் காட்டுங்கள். இரண்டு பேர் எழுதியது ஒரே மாதிரி இருக்காது. அதுதான் வேண்டும்!