கல்லைப் போட்டால் கடல் அடங்குமா?



நான் கெடார்க்காரன். எங்க ஊரில் தண்ணீர் என்றால் ஏரி, கிணறு, போர். "உனக்கும் கடலுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

என் கிளாஸ் நண்பன் ஒருவனுக்கு ஊர் பாண்டிக்கு வடக்கே, பொம்மையார்பாளையம் பக்கம். நம்ம விழுப்புரம் மாவட்டம்தான். அவன் வீட்டுக்குப் போனபோது கடலுக்குள் கையைக் காட்டினான். "அதோ அலை உடையுது பாரு மச்சான், அங்கதான் எங்க தாத்தா கரைவலை இழுத்தாரு" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரைவலை இழுக்க மணல்வெளி வேண்டும். அங்கே இருந்ததோ கருங்கல் குவியல்.

மணல் எங்கே போச்சு?

ஏரியில் கல் எறிந்து பாருங்கள். அலை கரைக்கு வரும். மிதக்கிற இலை இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். நகர்வது அலையின் சக்திதான். கடலிலும் அப்படியே. கரை நெருங்கி ஆழம் குறைந்ததும் அலையின் வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது, உடைகிறது. அப்போதுதான் தண்ணீரே முன்னால் பாய்கிறது. ஒரு கன மீட்டர் கடல்நீர் சுமார் 1025 கிலோ. அந்த அடியில் மணல் எம்மாத்திரம்?

நம்ம கரையில் அமாவாசை, பௌர்ணமி ஓதம்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆகவே இங்கே மணலை ஆட்டி வைப்பது அலை. வருடத்தில் பல மாதம் அது தெற்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். மொத்தக் கணக்கில் மணல் போவது வடக்கேதான்.

1980-களின் கடைசியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் பாண்டிச்சேரி துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் தேங்கியது, வடக்கே பட்டினி. எங்க ஊர் வாய்க்காலில் மேல்மடைக்காரர் அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரர் காய்வது போலத்தான். பாண்டிக் கடற்கரை போனது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என நகர்ந்தது. அங்கேயும் கல். பிறகு தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி என்று நம்ம மாவட்டத்துக்குள் வந்துவிட்டது.

வீடு இடியும்போது கல் கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒவ்வொரு கல்லும் ஆபத்தை அடுத்த குப்பத்துக்குத் தள்ளிவிடுகிறதே!

வழி இல்லாமல் இல்லை. 2018-ல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் பாண்டிக் கடற்கரைக்கு எதிரே நீருக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை வைத்தது. அலையின் வேகம் தணிந்தது. கல் மட்டுமே இருந்த இடத்தில் மணல் சேர்ந்தது. இன்னொரு வழி, தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டுவது. ஒரு வருடம் செய்து விட்டுவிட்டால் போதாது. சுவர் நிற்கிற காலம் வரை செய்ய வேண்டும். அந்தச் செலவையும் எஸ்டிமேட்டில் சேர்க்காத எந்தக் கடற்கரைத் திட்டத்துக்கும் அனுமதி தரக்கூடாது என்பது என் கருத்து.

சிவில் நண்பர்களே, நாளை நாமும் டிராயிங் போடுவோம், அளவு எடுப்போம். கட்டுகிற இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு வடக்கே யார் வலை காயவைக்கிறார்கள் என்றும் ஒரு நடை போய்ப் பார்ப்போம்.