பாலர் வகுப்பில் நம் ஊர்ப் பனிக்காலம்

பருவங்கள் மாறி மாறி வருவது, இயற்கை அன்னை தன் புத்தகத்தின் ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டுவது போன்றது. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆண்டில் 4 மாதங்களுக்குப் பனியின் பெயரையே சூட்டி வைத்தனர்.

ஆனால் நம் பாலர் வகுப்புகள் பலவற்றின் சுவர்ப்படங்களைப் பாருங்கள். 'குளிர்காலம்' என்ற தலைப்பின் கீழே பனிக்கட்டியைத் திரட்டிச் செய்த வெள்ளை மனிதன் நிற்கிறான். அவன் கழுத்தில் கம்பளித் துண்டு; மூக்குக்கு ஒரு காரட். தமிழ்நாட்டுச் சமவெளியில் வளரும் 4 வயதுக் குழந்தை இவனை எங்கே கண்டது? அது கண்டதெல்லாம் வாசற்கோலமும், அதன் நடுவே வைத்த பூசணிப்பூவும், புல் நுனியில் மின்னும் பனித்துளியும் அல்லவா? அவற்றுக்குச் சுவரில் இடமில்லை.

நம் குழந்தைகளுக்கு முதலில் நம் பனிக்காலத்தைக் கற்பிக்க வேண்டும். அதையும் கண்ணாலும் கையாலும் கற்பிக்க வேண்டும். இதுவே எங்கள் கருத்து.

இது ஒரு படத்தைப் பற்றிய சிறு குறைதானே என்று சிலர் எண்ணலாம். பாலர் வகுப்பு ஒன்றில், "குளிர்காலத்தில் என்ன வரும்?" என்ற கேள்விக்கு ஒரு சிறுமி, "அவரைக்காய் வரும்" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. புத்தகத்தில் இருந்த விடை வேறு. ஆனால் மார்கழியில் பந்தல் நிறையக் காய்த்துத் தொங்கும் அவரையை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததைச் சொன்னாள். அவள் விடையில் என்ன பிழை? தான் கண்டது தவறு, அச்சிட்டது மட்டுமே சரி என்று 4 வயதில் ஒரு குழந்தை மனத்தில் பதித்துக்கொண்டால், 10 ஆண்டுகள் கழித்து அறிவியல் கூடத்தில் "நீயே பார்த்து எழுது" என்று சொன்னாலும், அவள் பக்கத்து மாணவியின் ஏட்டைத்தான் எட்டிப் பார்ப்பாள். பத்தாம் வகுப்பில் இருக்கும் நாங்கள் இதனை நன்கு அறிவோம்.

பிற நாட்டுப் பனியை நம் குழந்தைகள் அறியவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பிரடெரிக் ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியக் கல்வியாளர்தாம் 1840-ஆம் ஆண்டில் பாலர் பள்ளிக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்ற பொருளில் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். ஜெர்மனியில் குளிர்காலத்தில் தோட்டத்தின்மேல் உறைபனி மூடிக் கிடக்கும். அந்நாட்டுக் குழந்தை அதைப் பற்றிப் படித்தால் தன் சன்னலுக்கு வெளியே உள்ளதையே படிக்கிறது. அதே முறையை நாமும் பின்பற்றினால், நம் சன்னலுக்கு வெளியே உள்ளதையே நாம் படிக்க வேண்டும். உதகையில் வாழும் குழந்தைக்கு டிசம்பர், ஜனவரியில் புல்வெளியை வெண்மையாக்கும் உறைபனி பாடமாகட்டும். சமவெளிக் குழந்தைக்குப் பனித்துளி பாடமாகட்டும். பனித்துளி, மூடுபனி, உறைபனி, பனிக்கட்டி என்று நம் மொழியே ஒரு வரிசையைத் தருகிறது. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல இதைவிட எளிய படி ஏது?

இனி, என்ன செய்யலாம் என்பதைக் கூறுகிறோம். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

முதலாவது, நிழலை அளப்பது. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தையைச் சென்னையில் டிசம்பர் 21-ஆம் நாள் நண்பகலில் முற்றத்தில் நிறுத்தினால், அதன் நிழல் ஏறத்தாழ 74 செ.மீ. நீளம் இருக்கும். மார்ச் 21-இல் அது 23 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். ஏப்ரல் இறுதியில், சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும் நாளில், நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும். மாதம் ஒரு முறை சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வைத்தால் போதும். கதிரவன் நகர்வதைக் குழந்தை தன் நிழலிலேயே கண்டுகொள்ளும்.

இரண்டாவது, கோலம். 3 புள்ளியில் தொடங்கி இடைப்புள்ளியாக ஒன்றில் முடித்தால் 9 புள்ளிகள். மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளியாக வைத்தாலும் 9 புள்ளிகளே. உருவம் வேறு, எண்ணிக்கை ஒன்று! இதைக் கண்டறியும் குழந்தையின் முகத்தில் தோன்றும் வியப்பை எந்த வாய்பாடு தரும்?

மூன்றாவது, விதைப்பது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில நாட்கள் முன்னதாக நம் வீடுகளில் குடிலுக்கென்று தட்டில் கேழ்வரகு தூவித் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அந்தத் தட்டை வகுப்பிலேயே வைத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாள் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். முளை வருவதையும் பசுமை எழுவதையும் நாள்தோறும் பார்த்த குழந்தை, மூங்கில் குச்சியாலும் வண்ணத்தாளாலும் செய்த விண்மீனை அந்தக் குடிலின்மேல் கட்டும்போது எவ்வளவு மகிழ்ச்சி அடையும்! அடுத்து, பொங்கலை ஒட்டி மொச்சை உரிக்கலாம். மஞ்சள் கொத்தை முகர்ந்து பார்க்கலாம். பனங்கிழங்கைப் பிளந்து நாரெடுக்கலாம்.

நான்காவது, பறவைகள். பருவமழையால் ஏரிகள் நிறைந்தபின் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்துள்ளனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. அவ்வளவு தூரம் செல்ல இயலாத பள்ளிகள் ஊர்க் குளக்கரைக்கேனும் செல்லலாம். ஒரு கொக்கு எவ்வளவு பொறுமையாக நிற்கிறது என்று பார்ப்பதும் படிப்பே.

"இப்படி விளையாடிக்கொண்டிருந்தால் எழுத்து எப்போது வரும்? அரையாண்டுத் தேர்வு வருகிறதே!" என்று பெற்றோர் கவலைப்படுவது எங்களுக்குப் புரிகிறது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். பின்பு போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். எழுதுமுன் விரல்கள் பழக வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. மொச்சை உரிக்கும் விரலும் கோலமாவு இழுக்கும் விரலும் பென்சில் பிடிக்கத்தான் பழகுகின்றன. 2022-இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் 3 முதல் 8 வயது வரையில் விளையாட்டின் வழியே கற்பதை வலியுறுத்துகிறது. அப்படியிருக்க, மார்கழிக் காலையில் 5 வயதுக் குழந்தையைத் தேர்வுத் தாளின்முன் உட்கார வைத்து அழச் செய்வது எவ்வகையில் நியாயம்?

"பனி காதில் இறங்கிச் சளி பிடிக்கும்" என்று அஞ்சும் தாய்மாருக்கு ஒரு சொல். விடியற்காலையில் வெளியே வரச் சொல்லவில்லை. வெயில் ஏறிய பின், காதை மூடிய ஒரு துண்டோடு, அரை மணி நேரம் போதும். வீட்டில் தாய் கோலமிடும்போது பிள்ளையின் கையில் ஒரு சிட்டிகை மாவு கொடுத்தாலும் அதுவும் பள்ளியே.

பெற்றோர்களே, மாலையில் வீடு திரும்பும் குழந்தையிடம், "எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேட்பதற்கு முன், "இன்று என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். அன்புள்ள அருட்சகோதரிகளே, ஆசிரியைகளே, டிசம்பரில் பாலர் வகுப்புக்கு எழுத்துத் தேர்வை நிறுத்தி, அந்த நாட்களை முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் தாருங்கள். அவரைப்பந்தலும் பூசணிப்பூவும் பனித்துளியும் நிறைந்த புதிய சுவர்ப்படத்தை வரைந்து தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். தாளும் வண்ணமும் எங்கள் பொறுப்பு. சுவரில் ஓர் இடம் மட்டும் தாருங்கள்.