காலியாக ஓடும் லைன் வீண் அல்ல

மின்கட்டணம் உயரும்போதெல்லாம் திருவனந்தபுரத்தில் அதே பேச்சுதான். பெரிய மின்பாதைகள் பாதித் திறனில்கூட ஓடுவதில்லை, அவற்றுக்கு நாம் ஏன் அழ வேண்டும்? கரண்ட்தான் சந்தையில் கிடைக்கிறதே; எங்கே பற்றாக்குறை என்று விலையே சொல்லிவிடும், அப்போது லைன் போட்டால் போதாதா? தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் மாநிலத்தில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை கிடையாது.

இடமண்–கொச்சி 400 கிலோவோல்ட் பாதையின் நீளம் 148 கிலோமீட்டர்தான். கூடங்குளம் மின்சாரத்தைத் திருநெல்வேலி வழியாக நேரே கொச்சிக்குக் கொண்டுவருவதற்கான பாதை அது. முதல் உலை 2013 அக்டோபரிலேயே மின்தொகுப்பில் இணைந்துவிட்டது. லைனுக்கு உயிர் வந்தது 2019 செப்டம்பரில். அதுவரை அந்த மின்சாரம் உடுமலைப்பேட்டை, மாடக்கத்தறை என்று சுற்றி வந்தது. சுற்றிய தூரமெல்லாம் இழப்பு. தடையாக நின்றது தொழில்நுட்பம் அல்ல, நிலம். ஏழு வருடம் காத்திருந்து பால் வெட்டத் தொடங்கிய ரப்பர் தோட்டத்தின் குறுக்கே டவர் வரப்போகிறது என்றால் சிறு விவசாயி எதிர்க்கத்தான் செய்வார். அவருக்கு உரிய இழப்பீட்டைப் பேசி முடிக்க வருடக்கணக்காகும். சந்தையிலோ 15 நிமிடத்துக்கு ஒருமுறை விலை மாறுகிறது. அந்த விலையைப் பார்த்துவிட்டு நிலம் கேட்கப் புறப்பட்டால் பற்றாக்குறை நமக்காகக் காத்திருக்குமா?

விலை சொல்லும் என்பதையும் நாம் அனுபவித்துப் பார்த்தாயிற்று. 2008-இல் மின்பரிமாற்றச் சந்தை தொடங்கியபோது, தெற்கை நாட்டின் பிற பகுதியோடு இணைக்கப் போதிய பாதை இல்லை. தெற்குக்கு ஒரு விலை, மற்ற பகுதிக்கு ஒரு விலை என்று சந்தை பிளந்தது; தெற்கத்தியர் கூடுதல் விலை கொடுத்தார்கள். அந்த வித்தியாசத்தை நம்பிச் சொந்தப் பொறுப்பில் லைன் போட எந்த வியாபாரியும் வரவில்லை. எப்படி வருவார்? லைன் வந்ததும் வித்தியாசம் சுருங்கும். அவருடைய லாபமும் அதோடு போகும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை தெற்கை இணைத்தது, அது முன்கூட்டியே திட்டமிடப்பட்டதால்தான். அதே தடத்தின் இன்னொரு பாதையைத் தனியார் ஏலத்தில் எடுத்துக் கட்டினார்கள், உண்மை. ஆனால் எங்கே, எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்தது ஏலம் அல்ல. இன்று விலை வித்தியாசம் குறைந்திருப்பதைக் காட்டி, லைன் தேவையில்லை என்கிறார்கள். அதைக் குறைத்ததே லைன்தானே!

பாதிச் சுமை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே தடத்தில் ஓடும் இரண்டு மின்சுற்றுகளில் ஒன்று விழுந்தால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும். ஆகவே சாதாரண நாளில் இரண்டும் பாதியோடு நிற்பதுதான் முறை. 2012 ஜூலை இறுதியில் பினா–குவாலியர் தடத்தில் ஒரு சுற்று மேம்பாட்டு வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மிஞ்சிய சுற்றும் சுமை தாங்காமல் விழ, ஜூலை 31 அன்று ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டது.

புகளூர்–திருச்சூர் போன்ற பாதைகளுக்கு யார் எவ்வளவு கட்டுவது என்று கேரளம் வாதாடட்டும். அது நியாயமான வழக்கு. பாதையே வேண்டாம் என்பது வேறு. 2024 கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது, அதுவும் சூரியசக்தி கைகொடுக்காத இரவு நேரத்தில். ஆண்டுச் சராசரியைக் காட்டி லைன் காலி என்பவர்கள், அந்த இரவுகளில் அதில் எவ்வளவு ஓடியது என்ற கணக்கையும் காட்டட்டும்.