முட்டுக்கட்டை இடும் கைகள்

மனுநீதிச் சோழன் வரலாற்றை அறியாத பக்தர் இலர். திருவாரூர் வீதியில் இளவரசன் தேரேறி வருகிறான். துள்ளி ஓடிவந்த பசுங்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு மாள்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. இளவரசன் வேண்டுமென்று செய்த பிழையன்று, பிராயச்சித்தம் செய்தால் போதும் என்பது அமைச்சர்களின் வாதம். மன்னன் அதனை ஏற்கவில்லை. தன் ஒரே மகனையும் அதே தேர்க்காலில் இடத் துணிந்தான். 'அறியாமல் நேர்ந்துவிட்டது' என்ற சமாதானம் கன்றை இழந்த தாய்க்கு ஆறுதல் ஆகாது என்பதே அவன் கண்ட நீதி.

தியாகேசப் பெருமான் அருளால் அன்று மாண்டவர் மீண்டனர் என்று பெரிய புராணம் கூறுகிறது. இன்றைய சாலைகளில் வீழ்ந்தவர் எழுவதில்லை. மத்திய அரசின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இவர்களுள் தலயாத்திரை சென்றவர்களும் உண்டு என்பதுதான் நெஞ்சை வருத்துகிறது.

யாத்திரைகள் பெரும்பாலும் எப்படித் தொடங்குகின்றன? வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். இரவு பத்து மணிக்கு வேன் வாசலில் வந்து நிற்கிறது. வண்டிக்குச் சந்தனம், குங்குமம். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். சூடம் ஏற்றித் தேங்காயும் உடைக்கிறார்கள். வண்டிக்கு இவ்வளவு உபசாரம் நடக்கிறது. அதை ஓட்டப்போகிறவர் முந்தைய இரவு உறங்கினாரா, பகலில் வேறு சவாரி போய்வந்தாரா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

விடியும்போது கும்பகோணத்தில் நீராடி, நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் தரிசித்துவிட வேண்டும் என்பது திட்டம். திங்களூர் ஒரு திசை, திருநள்ளாறு மற்றொரு திசை. நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். ஆகவே ஒவ்வொரு கோயிலிலிருந்தும் புறப்படும்போது, "சீக்கிரம் போப்பா, நடை சாத்திவிடப் போகிறார்கள்" என்ற குரல் எழுகிறது. குடும்பத்தார் சந்நிதியில் நிற்கும் வேளையிலும் ஓட்டுநருக்கு ஓய்வில்லை. பைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு அவர் வெளியே நிற்கிறார். அன்றிரவே ஊர் திரும்ப வேண்டும் என்பதும் அவர் தலையில்தான் விழுகிறது.

உடலுக்கு அதற்கென ஒரு நியதி உண்டு. நள்ளிரவுக்குப் பின் விடியும் வரையிலும், மதிய உணவுக்குப் பிறகும் கண்கள் தாமாகவே சோரும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுநர் 4 விநாடி கண் அயர்ந்தால் ஏறத்தாழ 90 மீட்டர் தூரம் பார்ப்பார் இன்றி ஓடிவிடும். சாலையோரம் நிற்கும் லாரி ஒன்று அந்தத் தூரத்துக்குள் இருந்தால் போதும். தேநீரும் சன்னல் காற்றும் உறக்கத்தைச் சற்றுத் தள்ளிவைக்குமே அன்றி, உறக்கத்துக்கு ஈடாகமாட்டா. 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையைப் பொதுவிதியாக வகுத்து, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு தரவேண்டும் என்றது.

தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஆயிரம் பேர் வடம் பிடித்து ஆரவாரத்தோடு இழுக்கும்போது, சக்கரத்தின் அருகே சிலர் முட்டுக்கட்டையோடு நடந்து வருவார்கள். அவர்கள் கண் கோபுரத்தின் மேலும் இராது, கூட்டத்தின் மேலும் இராது. சக்கரத்தின் மேலேயே இருக்கும். எத்தனை பேர் இழுத்தாலும் உரிய இடத்தில் கட்டையை இட்டுத் தேரை நிறுத்துபவர்கள் அவர்களே. தேர் பத்திரமாக நிலைக்கு வருவது வடம் பிடிப்பவர்களால் மட்டுமன்று.

குடும்ப யாத்திரையில் அந்தக் கட்டை பெரியோர் கையில் இருக்கிறது. எந்தத் தலம், எந்த நாள் என்பதை முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. "இரவில் வேண்டாம், விடியற்காலையில் புறப்படலாம்" என்று பாட்டி சொன்னால் மறுப்பவர் இல்லை. ஒன்பது தலங்களை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். நடை சாத்தியிருக்கும் நண்பகல் வேளையை ஓட்டுநரின் உறக்கத்துக்கு ஒதுக்கலாம். விடுதியில் தங்கும்போது அவருக்கும் ஒரு கட்டில் கேட்டு வாங்கலாம். அவர் கொட்டாவி விட்டால், "தம்பி, பெட்ரோல் பங்கில் நிறுத்திச் சற்றுக் கண்ணயருங்கள், சாமி எங்கும் போய்விடமாட்டார்" என்று சொல்லலாம். ஓட்டும்போது கைப்பேசி வேண்டாம் என்பதையும் அதே கனிவோடு சொல்லலாம். பின் இருக்கையில் அமர்வோரும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்பது விதி. தாத்தா முதலில் அணிந்தால் பேரனும் தானே அணிவான்.

நடை சாத்திவிட்டால் மாலையில் திறக்கும்; மாலையில் தவறினால் மறுநாள் திறக்கும். உயிருக்கு அந்த வழக்கம் இல்லை.

பிரசாதம் வீடு வந்து சேர்ந்ததும் யாத்திரை முடிந்தது என எண்ணுவது வழக்கம். வண்டியை ஓட்டிவந்தவரும் தம் வீட்டுப் படியேறி, தம் பிள்ளைகளின் முகம் பார்க்கும்போதுதான் அந்த யாத்திரை நிறைவடைகிறது. அடுத்த முறை வண்டிக்குச் சூடம் ஏற்றும்போது, ஓட்டுபவரின் முகத்தையும் ஒரு கணம் பார்த்து, "நன்றாக உறங்கினீர்களா?" என்று கேட்பதும் இறைவனுக்கு உகந்த வழிபாடே.