கைலிக்கு ஏன் இந்த இழிவு?

ஆடவர் பாவாடை அணிவதா என்று நகைப்போர் நம்மிடையே பலர். மேலைநாட்டு ஆடவர் சிலர் கால்சட்டையைக் களைந்துவிட்டு, இடுப்பைச் சுற்றிய ஒற்றைத் துணியோடு வீதியில் நடக்கும் படம் கண்ணில் பட்டால் போதும், உலகம் தலைகீழாகிவிட்டதென அங்கலாய்ப்பர். அவர்களிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றே: உங்கள் வாப்பாவின் இடுப்பில் இருந்தது என்ன?

இரு முனைகளையும் சேர்த்து மூட்டிய துணிதானே கைலி? கால்களைத் தனித்தனியே பிரிக்காத அவ்வுடையை பர்மியர் லோஞ்சி என்பர்; மலாய்க்காரர் சாரோங் என்பர். கட்டம்போட்ட சாரோங்கிற்கு மலாய் மொழியில் வழங்கும் பெலிக்காட் என்னும் பெயர், நம் பழவேற்காட்டின் பெயரிலிருந்தே பிறந்தது. கடல் கடந்த ஆடவர்க்கு நம் கரையின் தறிகள் உடையளித்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அதற்கும் மேலாக, ஹஜ்ஜுக்குச் செல்லும் செல்வரும் கூலியாளும் இஹ்ராமில் இடுப்பில் சுற்றுவது கால்சட்டையையா?

உடையின் மானம் துணியில் இல்லை. அதை அணிவோரைப் பிறர் மதிக்கும் மதிப்பில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கதை இதை விளக்கும். மேட்டுநில மக்களின் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கில ஆட்சி, 1746-இல் அவர்களின் கில்ட் உடைக்குச் சட்டத்தால் தடை விதித்தது. முதன்முறை பிடிபட்டால் 6 மாதச் சிறை. மறுமுறை 7 ஆண்டு நாடு கடத்தல். 1782-இல் தடை நீங்கிற்று. 1822-இல் எடின்பரோ வந்த நான்காம் ஜார்ஜ் மன்னரே அவ்வுடையில் காட்சி தந்தார். துணியா மாறியது? கிளர்ச்சியின் அச்சம் நீங்கியது. உடனே இழிவும் நீங்கியது.

1985-இல் பாரிசின் உடை வடிவமைப்பாளர் ழான் பால் கோத்தியே ஆடவர்க்கான பாவாடையை அரங்கேற்றியபோது அது புதுமை எனப்பட்டது. 2017-இன் கோடையில் பிரான்சின் நான்த் நகரப் பேருந்து ஓட்டுநர்கள், அரைக்கால்சட்டைக்கு அனுமதியில்லாததால் பாவாடை அணிந்து வண்டி ஓட்டினர். வெயிலுக்கேற்ற உடை எதுவென்று அவர்கள் அன்று கண்டனர். நம் பாட்டனார் எப்போதோ கண்டிருந்தனர்.

ஆயினும் நம்மவர் செய்வதென்ன? 2013-இல், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் டாக்காவில், செல்வர் குடியிருப்பு ஒன்றினுள் லுங்கி கட்டிய ரிக்‌ஷாக்காரர் நுழையலாகாதென்று தடை விதித்தனர். 2014-இல் சென்னையில் வேட்டி கட்டிய நீதிபதியை ஒரு மன்றம் வாயிலில் தடுத்தபோது தமிழகமே கொதித்தது. அவ்வாண்டே சட்டம் பிறந்தது. நன்று. ஆனால் வெள்ளை வேட்டிக்காகக் கொதித்த உள்ளங்களில் எத்தனை, வண்ணக் கைலிக்காகக் கொதிக்கும்? கைலி உழைப்பாளியின் உடை. மீன் சுமப்பவரின், மூட்டை தூக்குபவரின் உடை. அதனை இகழ்வது உழைப்பை இகழ்வதன்றி வேறென்ன?

வெளியார் இகழ்ச்சியைக் காட்டிலும் வீட்டார் இகழ்ச்சியே நம்மை வருத்துகிறது. வாயிலில் விருந்தினர் குரல் கேட்டதும், “கைலியை மாற்று!” என்று மகனை உள்ளே விரட்டுகிறோம். அந்த ஒரு சொல்லில், பாட்டன் முதல் தந்தை வரை அனைவரும் நாகரிகம் அற்றவர் என்ற பாடத்தைப் பிள்ளை கற்றுக்கொள்கிறான்.

பெண்களைப் போன்று வேடம் பூணும் ஆடவரை மார்க்கம் கண்டிக்கிறதே எனச் சிலர் வினவலாம். உண்மையே. ஆனால் எது ஆணுடை, எது பெண்ணுடை என்பதை அந்தந்த மக்களின் வழக்கு காட்டும். ஸ்காட்லாந்தில் கில்ட் ஆணுடை. நம் ஊர்களில் கைலி ஆணுடை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிச் சபையில் அமர்வதை நாமும் ஏற்கவில்லை. அது கட்டுபவரின் குறை, கைலியின் குறையன்று.

அலுவலகத்திற்கெல்லாம் கைலி கட்டிச் செல்லுங்கள் என்று நாம் கூறவில்லை. வீட்டிலேனும் அதற்கு மரியாதை கொடுங்கள் என்கிறோம். குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் அதனை நெய்து பிழைத்த குடும்பங்கள் உள்ளன. வரும் பெருநாளுக்குப் பிள்ளைக்குத் துணி எடுக்கையில் நல்ல கைலி ஒன்றும் எடுங்கள். கணுக்கால் வரை அழகுறக் கட்டி, அதனோடேயே அவன் விருந்தினரை வரவேற்கட்டும்.