கான்ஃபிகர் காப்பியும் மால்லாக் கூத்தும்

அடுத்தவன் கான்ஃபிகர் கோப்பை அப்படியே காப்பியடிக்கிற மகராசன்களே, உங்களோட ஒரு சண்டை.

ஆட்டோகான்ஃப்ல ஏசி_ஃபங்க்_மால்லாக்னு ஒரு சோதனை. மால்லாக்(0) நல்-ஐத் திருப்பினா, நிரல்ல மால்லாக் வர்ற இடமெல்லாம் ஆர்பிஎல்_மால்லாக்னு மாத்திடும். நல் வர்றது பிழையே இல்லீங்க, சி தரநிலையே அனுமதிச்சதுதான்.

கிராஸ் கம்பைல் பண்ணா இன்னும் கூத்து. ஆர்ம் சில்லுக்கான சோதனை நிரல் உங்க இன்டெல் பெட்டியில ஓடாது. பழைய ஆட்டோகான்ஃப் பதிப்புகள் குத்துமதிப்பா 'கோளாறு'ன்னு தீர்ப்பெழுதிடும். மாற்று ஃபங்ஷனையோ நீங்க எழுதி வைக்கலை. கடைசியில லிங்கர் கத்தும். நல்லா இருக்கிற லைப்ரரிக்குக் கெட்ட பேர்.

சோதனையே வேணாம்னு சொல்லலை. க்னூலிப் மாதிரி மாற்றையும் கூடவே வச்சுக்கிட்டு சோதிங்க. இல்லையா, 0 பைட் கேட்காம நிரல் எழுதுங்க. மருந்து கையில இல்லாதவர் எதுக்குய்யா நாடி பிடிக்கணும்?